எம்ஜிபி இன்ஜினுக்கு ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, முழுதாகப் பிரிக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. இங்கிலாந்தில் வாங்கிய 1973 எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். மீட்டரில் 92,000 மைல். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நீலப் புகை. 300 மைலுக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. சூடேறியபின் ஐடிலில் ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போகிறது. பார்த்த கராஜ் இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டச் சொல்கிறது. ஊரில் அம்பாசிடரோடு காலம் தள்ளிய உங்கள் மாமா பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளை மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி, வீட்டிலேயே செய்ய முடியுமா என்பது கேள்வி. எதற்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாமா சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. அம்பாசிடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பம். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 88.9 மி.மீ.; போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அதில் 73 மி.மீ., இதில் 80.26 மி.மீ. அம்பாசிடரில் ஹெட்டைத் தூக்கி, சம்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) கழற்றி, பிஸ்டன்களை மேல்வழியாக எடுத்து ரிங் போட்டு வண்டியை ஓட்ட அனுப்புவது சாதாரண வேலை. எம்ஜிபியில் சம்புக்குக் கீழே முன் கிராஸ் மெம்பர் குறுக்கே கிடக்கிறது. இன்ஜினைத் தூக்காமல் சம்பை எடுப்பது பெரும் அவஸ்தை. ஆக, ரிங் மட்டும் என்றாலும் இன்ஜினை இறக்குவதே நல்லது. கூலியில் மிச்சமாக வேண்டிய பெரும்பகுதி அங்கேயே போய்விடும். இன்ஜின் வெளியே வந்தபின் ரிங்கோடு நிறுத்துவது எப்போது நியாயம் என்பதை அளவுதான் சொல்ல வேண்டும். கராஜும் மாமாவும் அளக்காமலே பேசுகிறார்கள்.

இறக்குவதற்கு முன் செலவில்லாத சில சோதனைகள் உண்டு. புகை எப்போது வருகிறது என்று யாரையாவது பின்னால் வேறு காரில் வரச் சொல்லிப் பாருங்கள். இறக்கத்தில் காலை எடுத்து இறங்கி, மறுபடி அழுத்தும்போது ஒரு கொத்தாக வந்து நின்றால் வால்வு கைடு (வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் குழாய்) தேய்மானம். மேட்டில் அழுத்திப் பிடித்திருக்கும்வரை விடாமல் வந்தால் ரிங், போர். அடுத்தது கிராங்க் கேஸ் பிரீதர், அதாவது இன்ஜினின் கீழ்ப்பகுதிக்குக் காற்றுப்போக்கி. முன்பக்க டேப்பட் கவரில் இருக்கும் பிரீதரிலிருந்து எஸ்யூ கார்புரேட்டர்களுக்கு ஒரு ஹோஸ் போகும். அந்தப் பிரீதருக்குள் கம்பி வலை இருக்கிறது. ஐம்பது வருடக் கசடு ஏறி அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயிலை ரிங்குகளைத் தாண்டி மேலேயும் சீல்களைத் தாண்டி வெளியேயும் தள்ளும். பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்: இன்ஜின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. 150 பிஎஸ்ஐக்கு மேலே, நாலுக்கும் இடையே பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் கவலையில்லை. குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், போர் பக்கம் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு பக்கம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் பிரஷர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்த இன்ஜினுக்கு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, சூடான ஐடிலில் 10 முதல் 25 என்பது தயாரிப்பாளரின் கணக்கு. முதலில் வேறொரு கேஜை இரவல் வாங்கி இணைத்துப் பாருங்கள். டாஷ்போர்டில் இருப்பது பழைய கேஜ். அது காட்டுவதை மட்டும் நம்பி இன்ஜினை இறக்க வேண்டாம். உள்ளே இருப்பது 20டபிள்யூ50 ஆயில்தானா என்றும் பாருங்கள். நவீன மெல்லிய ஆயில் ஊற்றியிருந்தாலே ஐடிலில் முள் விழும். பிளாக்கின் இடது பின்புறத்தில் குமிழ் வடிவப் பெரிய நட்டுக்குள், கூடுதல் ஆயில் பிரஷரை வெளியே விடும் ரிலீஃப் வால்வு இருக்கிறது. ஐடிலிலும் ஓட்டத்திலும் ஒருசேரக் குறைவு என்றால் அதன் ஸ்பிரிங், உட்காரும் இடம், பம்ப் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். ஓட்டத்தில் 60 நின்று ஐடிலில் மட்டும் விழுந்தால் பேரிங்குகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு மேல் வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும்.

இன்ஜினை கியர்பாக்ஸோடு சேர்த்தே வெளியே எடுங்கள். தனியாக எடுத்தால் திரும்பப் பொருத்தும்போது கியர்பாக்ஸ் ஷாஃப்டை கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைக்கப் பாடுபட வேண்டும். எப்படியும் கிளட்ச், கார்பன் ரிலீஸ் பேரிங், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையில் இருக்கும் ஸ்பிகாட் புஷ் மூன்றையும் இந்த வேளையிலேயே மாற்றிவிடுங்கள். அவற்றுக்காகத் தனியாக இறக்குவது வீண். பிரித்ததும் பிளாக்கில் அறைந்திருக்கும் தகட்டைப் படியுங்கள். 18 வி என்று தொடங்கினால் 1971 வாக்கில் வந்த வகை. கீழே சொல்லும் அளவுகள் அதற்கானவை. 1964 வரை வந்த, கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங் மட்டும் உள்ள இன்ஜினுக்கு இவை பொருந்தாது. பிறகு பிஸ்டன் தலையில் உள்ள கரியைச் சுரண்டுங்கள். முன்பே போர் போட்டிருந்தால் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்திருந்தால்) 020, 040 என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பொறித்திருக்கும். தயாரிப்பாளரே பழைய இன்ஜின்களைப் புதுப்பித்து மாற்றிக் கொடுத்த காலம் உண்டு. அதனால் மீட்டரில் உள்ள 92,000 மைல் இந்த பிளாக்கின் வயதைச் சொல்லாது. அந்த எண்ணைப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் ஆர்டர் செய்யாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையம். சிலிண்டர் சமமாகத் தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது, ஆயில் படலம் அறுகிறது, எரியும் வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது. அங்கே பள்ளம் அதிகம். ரிங் எட்டாத அதற்கு மேல்பகுதி பழைய அளவிலேயே நின்று, விரல் நகத்தில் தட்டும் ஒரு வரம்பாகிறது. பழைய ரிங்கின் மேல் ஓரம் அந்த வரம்புக்கு ஏற்றபடி மழுங்கியிருக்கும். புது ரிங்கின் ஓரம் கூர்மை. பெரிய எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் முனை) பேரிங்கையும் மாற்றியதால் பிஸ்டன் ஒரு மயிரிழை மேலே ஏறினால் போதும், ரிங் வரம்பில் இடித்து உடையும். சில நேரம் பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே உள்ள பகுதியையும் உடைத்துவிடும். உடையாமல் தப்பினாலும், மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் உள்ள குழாயில் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்க வேண்டும். கொஞ்ச மாதத்தில் புகை திரும்பி வரும். தேய்ந்த போரில் ரிங் மட்டும் போடும் வேலை தோற்பது இதனால்தான்.

போர் கேஜ் இல்லாமலே இதை அளக்கலாம். பழைய ரிங் ஒன்றை எடுத்துப் பிஸ்டனைத் தலைகீழாக வைத்துச் சிலிண்டரின் அடியில், தேயாத பகுதிக்கு நேராகத் தள்ளுங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே ரிங்கை வரம்புக்குச் சற்றுக் கீழே, தேய்மானம் அதிகமுள்ள இடத்தில் வைத்து மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் வருவது விட்டத்தின் வித்தியாசம். 0.31 மி.மீ. வித்தியாசம் என்றால் போர் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது. அதற்குள் இருந்து, வரம்பும் நகத்தில் லேசாகத்தான் தட்டுகிறது, பிஸ்டனின் ரிங் பள்ளங்களும் ஆடாமல் இருக்கின்றன என்றால் வரம்பை வெட்டி, சிலிண்டர் சுவரை நுண்கல்லால் இழைத்து (ஹோன் பண்ணி), புது ரிங் போடலாம். உங்கள் மாமாவின் பேச்சு அங்கே சரி. 0.15ஐத் தாண்டினால் போர் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டுக்கும் நடுவே என்றால் இன்ஜின் வெளியே இருக்கும் நிலையில் போர் போட்டுவிடுங்கள் என்பேன். 300 மைலுக்கு ஒரு லிட்டர் என்கிற உங்கள் கணக்கைப் பார்த்தால் அங்கேதான் போய் நிற்கும் என்று நினைக்கிறேன், ஆனால் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

போர் போடுவதற்கு 20, 30, 40 ஓவர்சைஸ் பிஸ்டன்கள் எளிதாகக் கிடைக்கும். 40இல் போர் 81.28 மி.மீ. ஆகி இன்ஜின் 1845 சிசி ஆகும். 60இல் 1868 சிசி. தேவைக்கு மேல் ஒரு சைஸ்கூடப் போகாதீர்கள். சுவரில் மீதமிருப்பது அடுத்த முறைக்கான முதலீடு. ஏற்கெனவே 60 என்றால் சிலிண்டருக்குள் புதுக் குழாய் (லைனர்) அடித்து ஸ்டாண்டர்டுக்குத் திரும்பலாம். பிஸ்டன்களை வாங்கி மெஷின் ஷாப்பின் கையில் கொடுத்தபின்தான் பிளாக்கில் கை வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளிக்கு அந்தந்தச் சிலிண்டரை முடிக்க வேண்டும். 18 வியில் கட்ஜன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் கம்பி) கனெக்டிங் ராடுக்குள் இறுக்கமாக அழுத்திப் பொருத்தியது. சுத்தியலால் தட்டினால் பிஸ்டன் கோணும். அதையும் அவர்களிடமே விடுங்கள்.

கிராங்கைப் பொறுத்தவரை முதலில் விரிசல் சோதனை, பிறகுதான் அளவு. மெயின் ஜர்னல் (பேரிங்கில் உட்காரும் பகுதி) ஏறக்குறைய 54.01 மி.மீ., பெரிய எண்ட் 47.65 மி.மீ. கீறல் நகத்தில் தட்டினாலோ வட்டம் குலைந்திருந்தாலோ கிரைண்டிங் போட்டு அடுத்த அண்டர்சைஸ் பேரிங். கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்கின் ஆயில் துளைகளில் நீளமான பிரஷை நீங்களே விட்டுத் தேயுங்கள். உள்ளே தங்கும் தூள்தான் புது பேரிங்கை முதல் நிமிடத்தில் கீறுகிறது. பலரும் விட்டுவிடுவது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சுழலும் புஷ்களை. மூன்று புஷ்கள். மெயின், பெரிய எண்ட் எல்லாம் புதிதாகப் போட்டும் ஐடிலில் பிரஷர் ஏறவில்லை என்றால் ஆயில் பெரும்பாலும் இவை வழியாகத்தான் ஓடுகிறது. இவற்றை அடித்துப் பொருத்தி, பிளாக்கின் ஆயில் துளையோடு நேராக்கி, ஒரே கோட்டில் ரீமரால் துளையைச் சரியான அளவுக்குக் கடைய வேண்டும். வீட்டில் முடியாத வேலை. காசு கொடுத்தே ஆக வேண்டியவற்றில் இது முதலிடம்.

கேம்ஷாஃப்டும் அதன் மேடுகள் (லோப்கள்) தள்ளும் ஃபாலோயரும் ஒரு ஜோடி. ஃபாலோயரின் அடியை வெளிச்சத்துக்கு நேராக இரண்டை ஒன்றோடு ஒன்று வைத்துப் பாருங்கள். நல்லதாக இருந்தால் நடுவில் மிக லேசாக மேடிட்டிருக்கும், ஓரங்களில் வெளிச்சம் தெரியும். நடுவில் வெளிச்சம் வந்தால் குழிந்துவிட்டது. புது கேமுக்குப் பழைய ஃபாலோயரைப் போடவே கூடாது. சில நூறு மைலில் லோப் உருண்டுவிடும். ஃபாலோயர் வாங்கும்போது விலை பார்க்காதீர்கள். கடினம் குறைந்த மலிவான ஃபாலோயர்கள் சந்தையில் சுற்றுகின்றன, அவற்றால் கெட்ட கேம்களும் நிறைய. ஆயிலில் துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மம் போதுமான அளவு இருக்க வேண்டும். பழைய கார்களுக்கென்றே விற்கும் 20டபிள்யூ50இல் பாஸ்பரஸ் 0.1 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

ஹெட்டில் வால்வு சீட்களுக்கு நடுவே விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். நடு எக்ஸாஸ்ட் போர்ட் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர் இரண்டுக்கும் பொது என்பதால் சூடு அங்கே குவிகிறது. சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 1999 முடிவோடு நின்றது. எக்ஸாஸ்ட் பக்கம் கடின சீட் போட்டிருக்காவிட்டால் இப்போது போட்டுவிடுங்கள். ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள், பள்ளம் விழுந்திருந்தால் ஷாஃப்டும் புஷ்களும் புதிதாக வேண்டும். டக்டக் சத்தத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

மெஷின் ஷாப்பிலிருந்து வரும் பிளாக் சுத்தமாகத் தெரியும், சுத்தமாக இருக்காது. இந்த ஒரு கட்டத்தில் வீட்டில் வேலை செய்பவர் எந்தக் கராஜையும்விட நன்றாகச் செய்ய முடியும், ஏனென்றால் அவருக்கு நேரம் இருக்கிறது. ஆயில் கேலரியின் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் பாதையின்) முனைகளில் உள்ள பித்தளை அடைப்புகளைத் துளையிட்டு எடுத்து, துப்பாக்கி பிரஷ் போன்ற நீண்ட பிரஷை உள்ளே விடுங்கள். கறுப்புக் கசடு வந்துகொண்டே இருக்கும். ஹோனிங் தூளை மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ போக்க முடியாது. அவை ஆயிலைக் கரைத்துவிட்டுத் தூளைச் சுவரின் கோடுகளிலேயே விட்டுவிடும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கெட்டி பிரஷும் வேண்டும். காய்ந்ததும் உடனே ஆயில் தடவுங்கள், பத்து நிமிடத்தில் துரு பிடித்துவிடும். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவுங்கள், வெள்ளையாகவே வரும்வரை. பேரிங் கெட்டிருந்த இன்ஜின் என்றால் ஆயில் கூலரைக் கழுவி நம்பாதீர்கள். அதன் மடிப்புகளில் உலோகத்தூள் தங்கிவிடும். புதிது போடுங்கள்.

கட்டும்போது மெயின் கேப்கள் அதனதன் இடத்தில்தான் உட்கார வேண்டும். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் நடு மெயினில் வரும், ஆயில் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.13 மி.மீ. பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்துப் பாருங்கள், மெயினில் 0.025இலிருந்து 0.068 மி.மீ. வரை. மெயின் நட்டை இறுக்க வேண்டிய முறுக்கு 70 பவுண்டு அடி, அதாவது 95 நியூட்டன் மீட்டர். 12 முனை உள்ள பெரிய எண்ட் நட்டு 33 பவுண்டு அடி. ஒவ்வொரு கேப்பை இறுக்கியபின்னும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். திடீரென இறுகினால் கடைசியாக இறுக்கிய கேப்பில்தான் கோளாறு. மேலே போகாமல் அதைக் கழற்றிப் பாருங்கள். ரிங் இடைவெளி 0.30க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் போரைக் கீறும். ஹெட் நட்டுகள் நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, 45 முதல் 50 பவுண்டு அடி. வால்வு இடைவெளி ஆறிய நிலையில் 0.38 மி.மீ. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வு, ஏழு திறந்தால் இரண்டு என்று கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி பார்த்துக்கொண்டு போங்கள்.

முதல் ஸ்டார்ட்டில்தான் பல நல்ல இன்ஜின்கள் கெடுகின்றன. பி சீரிஸ் பம்ப் காற்று வாங்கிக்கொண்டு ஆயிலை இழுக்காமல் நிற்பது தெரிந்த கதை. பொருத்தும்போதே பம்புக்குள் வாஸலின் நிரப்புங்கள். ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றிப் பிரஷர் வரவழைக்கலாம் என்றால், கட்டும்போது கேமில் தடவிய மசகு பேஸ்ட் அதற்குள் துடைபட்டுவிடும். அதனால் கேஜ் இணையும் இடத்தின் வழியாக ஆயில் கேனால் அழுத்தி கேலரியை நிரப்பிவிட்டு, பிளக் இல்லாமல் சில விநாடிகள் மட்டும் சுற்றி, முள் அசைகிறதா என்று பாருங்கள். இக்னிஷன் டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாம் தயார் என்றபின் ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்ததும் ஐடிலில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம். ஃபாலோயர்களுக்கு ஆயில் கிராங்க் தெறிப்பதால் வருவது; வேகம் குறைந்தால் தெறிப்பும் குறையும். நடுவில் கசிவு தெரிந்தால் முழுதாக நிறுத்துங்கள், சரிசெய்து மீண்டும் நேராக 2,000க்குப் போங்கள்.

அடுத்து, ரிங் படிய வேண்டும். அதற்குப் பாரம் வேண்டும். புது இன்ஜினை மெதுவாக ஓட்டுகிறேன் என்று மணிக்கு 30 மைலில் உருட்டினால் போர் கண்ணாடியாகிவிடும், பிறகு ரிங் படியாது. மூன்றாம் கியரில் மணிக்கு 30இலிருந்து 50 மைல் வேகம் வரை நன்றாக அழுத்தி ஏற்றி, காலை எடுத்து இறங்கவிடுங்கள். பத்துப் பதினைந்து தடவை. சின்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம், சாதாரண மினரல் போதும். 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் 500 மைல் ஓட்டி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அப்போதே ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கால் திருப்பு தளர்த்தி மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியைத் திரும்பச் சரிபாருங்கள். முதல் சில நூறு மைலில் கொஞ்சம் ஆயில் குறைவது இயல்பு. 1,000 மைல் கடந்தும் குறையும் வேகம் தணியவில்லை என்றால் கம்ப்ரெஷன் எடுத்துப் பாருங்கள். நாலும் சமமாக, நல்ல எண்ணில் இருந்தால் ஆயில் கைடு வழியாக இறங்குகிறது, ஹெட்டை மட்டும் எடுத்தால் போதும். எண்கள் குறைந்திருந்தால் போர் பளபளத்துவிட்டது என்று பொருள். பிஸ்டன்களை எடுத்து, லேசாக ஹோன் போட்டு, புது ரிங்கோடு திரும்பக் கட்ட வேண்டும்.